இளநிலை இயற்பியல் மாணவர் துணைப்பாடமாக எதை எடுக்கலாம்: கணிதமா, கணினி அறிவியலா?

என்னைக் கேட்டால் கணினி அறிவியல் என்பேன். ஒரு நிபந்தனை உண்டு: அதில் எண்ணியல் முறைகள் (சமன்பாடுகளைக் கணினியில் எண்களைக் கொண்டு தோராயமாகத் தீர்க்கும் வழிகள்) குறித்த தாள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் யோசிக்காமல் கணிதத்துக்குப் போய்விடுங்கள்.

கணிதத்தை இரண்டாவதாகச் சொல்கிறேனே என்று வியக்க வேண்டாம். நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், வெக்டர் பகுப்பாய்வு எல்லாம் இயற்பியல் பாடத்திட்டத்திலேயே வந்துவிடுகின்றன. துணைப்பாடத் தாள்களின் பட்டியலை எடுத்து, எப்படியும் படிக்கப்போகிறவற்றை அடித்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் விடவே கூடாத ஒன்று நேரியல் இயற்கணிதம், அதாவது வெக்டர்களையும் அணிகளையும் (எண்களை வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கிய அட்டவணைகள்) கையாளும் கணிதம். 1925இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் தம் புதிய குவாண்டம் இயக்கவியலை எழுதியபோது, தாம் கையாண்ட பெருக்கல் முறை அணிகளின் பெருக்கல்தான் என்பதை அறிந்திருக்கவில்லை. அதைக் கண்டுகொண்டவர் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன். அவர் மாணவப் பருவத்திலேயே அணிகளைக் கற்றிருந்தார். துணைப்பாடம் எதுவானாலும் இந்த ஒரு தாளைத் தனியாகவாவது படித்துவிடுங்கள்.

எண்ணியல் முறைகளை நான் வற்புறுத்துவதற்கான காரணத்தை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். சூரியனைச் சுற்றும் கோள் ஒன்றின் பாதையைக் கணக்கிட, ஆய்லர் முறையில் சிறிய நிரல் ஒன்றை எழுதுங்கள். ஒவ்வொரு சிறு கால இடைவெளியிலும் பழைய திசைவேகத்தை வைத்து இடத்தையும், பழைய இடத்தில் உள்ள ஈர்ப்பை வைத்துத் திசைவேகத்தையும் புதுப்பிக்க வேண்டும். நியூட்டனின் விதியைச் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனாலும் கோள் சுற்றுக்குச் சுற்று வெளியே விலகிக்கொண்டே போகும். எங்கிருந்தோ ஆற்றல் ஏறிக்கொண்டே வரும். இப்போது ஒரே ஒரு மாற்றம்: முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு வரிகள் இடம் மாறியதைத் தவிர வேறெதுவும் இல்லை. கோள் விலகி ஓடாது. ஆற்றல் சற்றே ஏறி இறங்கினாலும் ஓர் எல்லைக்குள் நிற்கும். இரண்டாவது முறை கட்டவெளியின் (இடத்தையும் உந்தத்தையும் அச்சுகளாகக் கொண்ட வெளி) பரப்பை மாறாமல் காக்கிறது என்பதே காரணம். ஹாமில்டன் இயக்கவியலில் காகிதத்தில் படிக்கும் அதே விஷயம் திரையில் கண்ணெதிரே நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

தரவுத்தளம், இயக்க முறைமை போன்ற தாள்கள் வேலைவாய்ப்புக்கு உதவலாம். இயற்பியலுக்கு அவ்வளவாக இல்லை.

சோதனை இயற்பியலில் ஆர்வம் இருந்தால் புள்ளியியலையும் பாருங்கள். 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது எல்லோரும் பேசிய 'ஐந்து சிக்மா' (கிடைத்த முடிவு வெறும் தற்செயலாக வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதைக் காட்டும் அளவு) என்பது முழுக்கப் புள்ளியியல்தான். பொருள்களின் தன்மையை ஆராய விரும்புகிறவர்களுக்கு வேதியியல் பொருந்தும். தத்துவமோ மொழியோ உங்களை இழுக்கிறதென்றால் அதையே எடுங்கள். பிடித்துப் படிப்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

முடிவெடுக்கும் முன் ஆய்வுக்கூட நேரங்களோடு வகுப்புகள் மோதுகின்றனவா என்று கால அட்டவணையைப் பாருங்கள். துணைப்பாடத்தின் கடைசித் தாளா, இறுதியாண்டு ஆய்வுத் திட்டமா என்ற நிலை வந்தால் நான் ஆய்வையே எடுப்பேன். அதுவரை படித்த தாள்கள் மதிப்பெண் பட்டியலில் எப்படியும் இருக்கும்.