குளியலறைக்குள் கேஸ் கீசர்: புகைக்குழாய் மட்டும் போதுமா?

கேள்வி: குன்னூரில் வாடகை வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முன்பு இருந்தவர்கள் குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசரைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். அதன் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனும் உண்டு. குளிர் தாங்காமல் வென்டிலேட்டரை பாலித்தீன் தாள் ஒட்டி அடைத்துவிட்டோம். கொஞ்ச நாளாக அம்மா குளித்துவிட்டு வந்தால் தலைவலி, குமட்டல் என்கிறார். வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தோம். குழாயும் ஃபேனும் இருப்பதால் கீசரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லைதானே?

பதில்: கவலைப்பட வேண்டும். இதைப் படித்த கையோடு கீசரின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். வென்டிலேட்டரில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுங்கள். அம்மாவை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குளித்ததும் தலைவலி வந்து, வெளியே நல்ல காற்றில் இருந்தால் மெல்லத் தணிகிறது என்றால், அது கார்பன் மோனாக்சைடு உடம்பில் ஏறியதற்கான அடையாளமாக இருக்கலாம். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும்.

சரி, குழாய் இருந்தும் இது ஏன் நடக்கிறது? புகை வெளியே போக வழி செய்கிற நாம், காற்று உள்ளே வர வழி செய்வதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 முதல் 13 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எரிவாயு ஆகும். ஐந்தடிக்கு ஏழடி, உயரம் ஒன்பதடி என்று ஒரு குளியலறை இருந்தால், அதற்குள் இருப்பதே 9 கன மீட்டர் காற்றுதான். கதவும் ஜன்னலும் அடைத்து, புகையும் உள்ளேயே தங்கினால், 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18-க்கு இறங்க ஆறேழு நிமிடம் போதும். அந்த நிலையில் கீசரின் தீ அரைகுறையாக எரிய ஆரம்பிக்கும், கார்பன் மோனாக்சைடு பெருகும். தலைக்குக் குளிக்கிறவர்கள் உள்ளே எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் பலரை ஏமாற்றுகிறது. ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவு மூடியிருக்கிறது, வென்டிலேட்டரையும் அடைத்தாயிற்று. மிச்சம் இருக்கிற திறப்பு அந்தத் தகரக் குழாய் ஒன்றுதான். போகிற புகையை ஃபேன் அதே குழாய் வழியாகத் திரும்ப உள்ளே இழுக்கும்.

ஊட்டிப் பக்கம் ஒரு வீட்டில் இதை நான் கண்ணால் பார்த்தேன். கீசரை எரியவிட்டு, மேலே குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை நூல் மாதிரி நேராக உள்ளே போனது. கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போடச் சொன்னேன். நூல் ஒரு கணம் ஆடி நின்றது. அப்புறம் வளைந்து என் முகத்துக்கே வந்தது. கூடவே சூடான ஈரக்காற்றும். அந்த வீட்டுக்காரர் எட்டு வருடம் அப்படியேதான் குளித்திருக்கிறார். உங்கள் வீட்டில் இந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டாம். விவரம் தெரிந்த ஃபிட்டர், எரிவாயுக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓரிரு நிமிடத்தில் முடிக்க வேண்டிய வேலை இது.

நிரந்தரத் தீர்வு, கீசரைக் குளியலறையை விட்டு வெளியே கொண்டுபோவதுதான். காற்றோட்டமான பால்கனியோ ஒர்க் ஏரியாவோ போதும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வெந்நீர் வரச் சில விநாடி தாமதமாகும், அவ்வளவுதான். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் குளியலறைக்குள் ஒரே வகைக் கருவியைத்தான் அனுமதிக்கின்றன: வெளிக்காற்றைத் தன் குழாயிலேயே இழுத்து, புகையையும் வெளியே விட்டு, அறைக் காற்றைத் தொடாமல் எரியும் மூடிய வகை. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண கீசர் அந்த வகை இல்லை.

வெளியே மாட்டும்போதும் சில விஷயங்களைக் கவனியுங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று கீசரைச் சுற்றி அலமாரி அடித்துவிடாதீர்கள். பழைய ஆபத்து அந்தச் சின்னப் பெட்டிக்குள் திரும்ப வந்துவிடும். புகை வெளியேறும் வாய் படுக்கையறை ஜன்னலுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கக் கூடாது. குழாய் உலோகமாக இருக்க வேண்டும், பிவிசி கூடவே கூடாது. கம்பெனி சொன்ன அளவைவிடக் குறுகலான குழாய் வேண்டாம், வளைவுகளும் குறைவாக இருக்கட்டும். ஃபேன் இல்லாமல் தானாகப் புகை ஏறும் மாடல் என்றால் குழாய் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சரிவாகப் போக வேண்டும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, மூடியில் கரி படிந்தாலோ, சர்வீஸ் செய்யும்வரை தொடாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. கடையில் கேட்டு வாங்குங்கள். சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் அலாரம் வேறு, அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

கீசர் வெளியே போகும்வரை தண்ணீரை அடுப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலானாலும் குளியலறைக்குள் போனவர் குரல் கொடுத்தும் பதில் இல்லை என்றால், கதவைத் திறந்து அவரை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், எரிவாயுவை மூடுங்கள், 108-ஐ அழையுங்கள். உள்ளே நின்று எழுப்பிக்கொண்டிருந்தால் நீங்களும் விழுந்துவிடுவீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மாவை அழைத்துப் போகும்போதும் இதே காரணத்துக்காக, “குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது” என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.