மொதல்ல ஒரு கப்பு அடிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றில் கபடிக் குழு நடத்தி வருகிறேன். முன்பு கார்னர், அதாவது ஓரத்தில் நின்று பிடிக்கிற இடத்தில் ஆடியவன், இப்போது பயல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்று வருடமாகத் திருவிழா ஆட்டங்களுக்குப் போகிறோம். பெரும்பாலும் முதல் சுற்றோடு திரும்பி விடுகிறோம்.

நான் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்குக் களத்தில் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் ஒருவனை ஒருவன் திட்டக் கூடாது. தோற்றாலும் எல்லாரும் சேர்ந்தே வண்டி ஏற வேண்டும். போன மாதம் எங்கள் கேப்டன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்: "இதெல்லாம் ஜெயிக்கிற டீம் பண்றதுண்ணே. மொதல்ல ஒரு கப்பு அடிக்கட்டும், ஒத்துமை தன்னால வரும்." ஊர்ப் பெரியவர்களோ, பங்குனி ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து இரண்டு பேரை இறக்கு என்கிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெயிப்பதற்குக் காரணமே அந்த அணியின் குடும்பம் மாதிரியான பண்பாடுதான் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அப்படியென்றால் பண்பாடு வந்து வெற்றியைக் கொண்டுவருகிறதா, வெற்றி வந்து பண்பாட்டைக் கொண்டுவருகிறதா? எங்கள் பயல்களும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள். வெளிப்படையாகவே பதில் எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேப்டன் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அவனும் படிப்பான் என்பதால்.

1975ல் பேரி ஸ்டா என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். மூன்று மூன்று பேராகக் குழு பிரித்து, ஒரு கம்பெனியின் வரவு செலவு விவரங்களைக் கையில் கொடுத்து, அடுத்த ஆண்டு அதன் விற்பனையும் லாபமும் எவ்வளவு வரும் என்று கணிக்கச் சொன்னார். முடிந்ததும் சில குழுக்களிடம் நன்றாகக் கணித்தீர்கள் என்றும், சில குழுக்களிடம் சரியாக வரவில்லை என்றும் சொல்லப்பட்டது. அவர்கள் செய்த வேலைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே கிடையாது, குருட்டாம்போக்கில் சொன்னதுதான். பிறகு, உங்கள் குழு எப்படி வேலை செய்தது என்று அவர்களையே கேட்டார்கள். நன்றாகச் செய்தோம் என்று நம்பியவர்கள், எங்களுக்குள் நல்ல ஒற்றுமை, மனம்விட்டுப் பேசிக்கொண்டோம், எல்லாருக்கும் ஊக்கம் இருந்தது என்றார்கள். சொதப்பிவிட்டோம் என்று நம்பியவர்கள் அதே விஷயங்களில் தங்கள் குழுவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கே முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு நடந்தது வேறு மாதிரி தெரிகிறது. வெளியே இருந்து டிவி பார்க்கிற நமக்கு என்ன தெரியும்?

சென்னை அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பியபோது, முப்பது தாண்டியவர்களாகப் பார்த்து ஏலம் எடுத்தார்கள் என்று 'அப்பாக்கள் அணி' என்றே கேலி செய்தார்கள். கோப்பை வந்ததும் அதே வயதுக்கு அனுபவம் என்று பெயர் மாறிவிட்டது. 2020ல் முதல் முறையாகப் பிளே ஆஃபுக்குப் போகாமல் வெளியேறினார்கள், உடனே வயசாகிவிட்டது என்ற பேச்சு. 2021ல் கோப்பை, 2022ல் ஒன்பதாவது இடம், 2023ல் மறுபடி கோப்பை, 2025ல் கடைசி இடம். குடும்பம் மாதிரி என்று எல்லாரும் சொன்ன அந்த ஓய்வறை எல்லா வருடமும் இருந்தது. அது நல்ல பண்பாடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜெயித்த வருடத்தில் மட்டும் அதை எடுத்துக் காட்டிக் காரணம் சொல்வது நியாயமாகாது.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செட்டியார்களின் கணக்கு ஒழுங்கும் சிக்கனமும்தான் இத்தனையையும் கட்டியது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒழுங்கு உண்மையானது. கடையின் கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறியவன் கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக வேண்டும். ஏஜெண்டுக்கு மூன்று வருடம் கெடு. அது முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். தேவகோட்டையில் இருக்கும் முதலாளி, கண்ணில் படாத ரங்கூன் வட்டிக்கடையை அந்தக் கணக்கை நம்பித்தான் நடத்தினார். இந்தப் பழக்கம் இல்லாமல் அங்கே கடை போட்டிருக்கவே முடியாது. ஆனால் 1852ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும், பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்ததும் எந்தச் செட்டியாரின் சிக்கனத்தாலும் நடந்ததில்லை. அப்புறம் 1930களின் பெருமந்தம் வந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர முடியாமல் நிலம் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938க்குள் சுமார் 25 சதவீதமானது. பணமாக வேண்டியது மண்ணாக நின்றது. 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் அத்தனையும் போயிற்று. பேரேடு எழுதிய கை கடைசி நாள் வரை ஒழுங்காகத்தான் எழுதியது.

இதனால்தான் உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரிக்கத் தோன்றுகிறது. ஒருவனை ஒருவனுக்குப் பிடிப்பது, சிரித்துக்கொண்டே வண்டி ஏறுவது, 'நாங்க ஒரே குடும்பம்' என்பது எல்லாம் ஒரு பக்கம். இது பெரும்பாலும் வெற்றிக்குப் பின்னால்தான் வருகிறது. கேப்டன் சொன்னது இதைத்தான். இன்னொரு பக்கம் வேலையில் காட்டும் பிடிப்பு. பிரையன் முல்லன், கரோலின் காப்பர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1994ல் எழுதியதிலும் இதுதான் தெரிகிறது. ஒற்றுமை நல்ல ஆட்டத்தைக் கொடுப்பதைவிட, நல்ல ஆட்டம் ஒற்றுமையைக் கொடுப்பது அதிகம். ஒற்றுமை உதவுகிற இடத்திலும் உதவுவது பரஸ்பரப் பிரியமோ பெருமையோ அல்ல, எடுத்த வேலையில் உள்ள ஈடுபாடு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் படகில் தங்கம் வாங்கிய ஜெர்மன் அணியில் இருந்த ஹான்ஸ் லெங்க் பின்னாளில் தத்துவப் பேராசிரியரானார். உள்ளுக்குள் சண்டையும் உரசலும் இருக்கும் அணிகளும் உச்சத்தில் ஜெயிக்க முடியும் என்று அவர் எழுதியது தன் அணியையும் பார்த்துத்தான். பிடிக்காதவனோடும் ஒரே தாளத்தில் துடுப்புப் போட முடியும்.

கபடியில் இது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கார்னர் ஆடியவர். இருந்தாலும் பயல்களுக்காக எழுதுகிறேன். பாடி வருகிற ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறான். கார்னர் கணுக்காலுக்குப் பாய்கிறான். தனியாக அவனால் நிறுத்த முடியாது. கால் கையில் சிக்கிய நொடியிலேயே, உள்பக்கம் நிற்கிற கவர் வந்து இடுப்பில் விழ வேண்டும். கவர் அரை நொடி யோசித்தால் ரைடர் கார்னரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். வெளியே இருந்து பார்க்கிறவனுக்குக் கார்னர் அவசரப்பட்டது மாதிரி தெரியும். உண்மையில் வராமல் போனது கவர். அன்று கார்னரைத் திட்டினால் என்ன ஆகும்? அடுத்த ரைடில் அவன் பாய மாட்டான். பின்வாங்கி, கையை மட்டும் நீட்டுவான். கார்னர் பாயாத அணியில் கவருக்கும் வேலை இல்லை. ஏழு பேரும் ஒழுங்காக நின்றபடியே ஆட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

தோல்வி கபடியில் சீக்கிரமே பெருகும். ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவனுக்குப் பயம் கூடும், ஆல் அவுட் ஆனால் இரண்டு பாயிண்ட் கூடுதலாகப் போகும். ஆனால் மூன்றோ அதற்குக் குறைவோ ஆள் நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று ஒரு பாயிண்ட் கூடுதலாகக் கிடைக்கிற விதியும் இருக்கிறது. மூன்று பேர் நிற்கிறபோது உங்கள் கார்னர் பாய்கிறானா, கவர் வருகிறானா என்று பாருங்கள். கோப்பை கையில் இல்லாத அணியிலும் பண்பாடு இருக்கிறதா என்பதை அங்கே பார்க்கலாம். ஜெயித்த இரவில் பிரியாணிப் பந்தியில் பார்த்தால் எல்லா அணியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கட்டத்துக்குள் திட்டக் கூடாது என்கிற உங்கள் விதியை எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். அது ஆட்டத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஐந்தரை மணியும் சரி. சேர்ந்தே வண்டி ஏற வேண்டும் என்பதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். தோற்ற ராத்திரியில் ஒருவனுக்குத் தனியாக வீட்டுக்குப் போகத் தோன்றினால் போகட்டும். அந்த நெருக்கத்தை விதி போட்டு வரவழைக்க முடியாது. கேப்டன் கோபப்பட்டதும் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்துத்தான் என்று படுகிறது.

ஆனால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். ஒழுங்கு மட்டும் கப்பைக் கொண்டுவராது, நல்ல ரைடர் ஒருவன் வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். அதே சமயம் அந்த ரைடர் வந்து சேரும் நாளில் கவர் நேரத்துக்கு விழுகிற அணி தயாராக நிற்க வேண்டும். கப்பு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றால் யாரும் கற்றுக்கொள்வதில்லை. ஜெயித்தவனுக்கு மாற்றிக்கொள்ளக் காரணமே இருக்காது.

பயல்களுக்கு வெற்றியும் தேவைதான், மூன்று வருடம் நீண்ட காலம். திறந்த ஆட்டங்களிலேயே போய் மோதிக்கொண்டிருக்காமல், எடைப் பிரிவு வைத்து நடத்தும் 55 கிலோ, 60 கிலோ ஆட்டங்களுக்கு இறங்குங்கள். சமபலத்தோடு ஆடி இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வரும் தெம்பை உங்கள் பேச்சோ என் கடிதமோ கொடுக்க முடியாது.

வெளியூர் ஆள் விஷயம். பெரியவர்கள் ஊர்ப் பெயருக்காகக் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. கப்பும் ஒருவேளை வரும். ஆனால் அந்த இரண்டு பேருக்காக வெளியே உட்காரப் போவது யார் என்று பாருங்கள். வருடம் முழுக்க ஐந்தரைக்கு வந்தவன்தான் உட்காருவான் என்றால், இந்தப் பங்குனிக்கு வேண்டாம் என்று பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கேப்டனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அது உங்கள் ஒருவருடைய முடிவாக இருக்கக் கூடாது.

அன்புடன்.