சொந்தக் காசில் படம் இயக்கினால் உடம்பும் மனசும் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கும்?

கேள்வி: சொந்தக் காசும் நண்பர்கள் காசும் போட்டு 20 நாள் ஷெட்யூலில் முதல் படம் எடுக்கிறேன். எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

கால் வலி, தொண்டைக் கட்டு எல்லாம் வரும், போகும். படத்தில் தெரியப்போவது தூக்கமில்லாமல் எடுத்த முடிவுகள்தான்.

காலை 6 மணிக்கு முதல் ஷாட் என்றால் 4 மணிக்கு எழ வேண்டும். மாலை 6 மணிக்கு பேக்கப் (அன்றைய படப்பிடிப்பு முடிந்தது) சொன்னாலும், எடுத்த ஃபுட்டேஜை கார்டிலிருந்து காப்பி எடுப்பது, மறுநாள் ஷாட் பிரிப்பு, லொகேஷன் பஞ்சாயத்து என்று இரவு 11 ஆகிவிடும். மிச்சம் 5 மணி நேரம். ஒரு வாரம் ஓட்டலாம், 20 நாள் ஓடாது. ஆறு நாளைக்கு ஒரு விடுமுறையை ஷெட்யூலிலேயே எழுதிவிடுங்கள். இரவுக் காட்சிகளைச் சேர்த்து விடுமுறைக்கு முந்தைய நாட்களில் வையுங்கள். காப்பி எடுப்பது உதவி இயக்குநர் ஒருவரின் பொறுப்பு. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏறியதைச் சரிபார்க்காமல் கார்டை ஃபார்மட் பண்ணக்கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லிவையுங்கள்.

களைப்பு காலை வாருவது சாயங்காலம் நாலரை மணிக்கு. வெளிச்சம் இறங்குகிறது, ஐந்து ஷாட் பாக்கி. நடிகர் வசனத்தை முடித்ததும் "ஓகே, நெக்ஸ்ட்" என்று வாய் தானாகச் சொல்லும். அந்தப் பக்கம் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்: வசனத்துக்கு நடுவே லாரி ஹாரன். லைவ் சவுண்டில், அதாவது செட்டிலேயே வசனத்தைப் பதிவு செய்து எடுக்கும் படத்துக்கு அது பிற்பாடு டப்பிங் செலவு. இதைவிட மோசம், காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து காட்டும் வைட் ஷாட் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது. எடிட்டில் ஒரு வரியைத் தூக்க நினைத்தால் தாவிப் போக வேறு ஷாட் இருக்காது. எந்த இரண்டு மூன்று ஷாட் இல்லாவிட்டால் காட்சி நிற்காது என்பதைக் காலையிலேயே ஷாட் லிஸ்டில் வட்டம் போட்டு, ஒரு பிரதியை கேமராமேனிடம் கொடுத்துவிடுங்கள். நேரம் போய்விட்டால் வட்டம் போட்டது மட்டும்.

தண்ணீர், ஓஆர்எஸ், தொப்பி, மெத்தென்ற ஷூ. கத்துவதை உதவி இயக்குநர் பார்த்துக்கொள்ளட்டும். மதியம் யூனிட்டுக்கு பிரியாணி போட்டால் 3 மணி வரை ஒரு ஷாட்டும் உருப்படாது. அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மனசுக்குப் பெரிய பாரம், தயாரிப்பாளரும் நீங்களே என்பது. இன்னொரு டேக் கேட்பதும் நீங்கள், அந்த டேக்கால் பேட்டா (யூனிட்டுக்குத் தரும் தினப்படி) கூடுமே என்று பயப்படுவதும் நீங்கள். பணப்பையையும் செல்போனையும் புரொடக்ஷன் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். பணப் பேச்சு பேக்கப்புக்குப் பிறகுதான். சும்மா வேலை செய்யும் நண்பரைத் திட்டவும் முடியாது, திட்டாமல் வேலையும் நடக்காது. அதனால் எத்தனை நாள், எவ்வளவு பேட்டா, டைட்டிலில் என்ன பெயர் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடும் என்பார்கள். எழுதாமல் விட்டுத்தான் பெரும்பாலும் கெடுகிறது.

அழுகைக் காட்சிகளை முதல் இரண்டு நாளில் வைக்காதீர்கள். நடிகருக்கும் உங்களுக்கும் இன்னும் பழக்கம் விழுந்திருக்காது.

படப்பிடிப்பு முடிந்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். எடிட்டரின் முதல் கோர்வை நீளமாக, இசை இல்லாமல், கலர் சரிசெய்யாமல் இருக்கும். நல்ல படங்களுக்கும் அப்படித்தான். பேக்கப் ஆன கையோடு அதைப் பார்க்காதீர்கள், இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். பிறகு ஸ்கிரிப்ட் படிக்காத நாலு பேருக்குப் போட்டுக்காட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், எங்கே போனைக் கையில் எடுத்தார்கள் என்று பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.