அமேசான் டால்பின்கள் காட்டு மரங்களுக்கு நடுவே நீந்துமா?

நீந்தும். வருடத்தில் சில மாதங்கள் அங்கே காடே ஆற்றுக்குள்தான் இருக்கும். பிரேசிலின் மாமிராவா பகுதியில் தண்ணீர் 10 மீட்டருக்கும் மேல் ஏறும். மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் விழும் பழங்களைத் தின்ன மீன்கள் காட்டுக்குள் போகும். அவற்றின் பின்னாலேயே இளஞ்சிவப்பு டால்பினும் போய்விடும். உள்ளூர்ப் பெயர் 'போட்டோ' (புகைப்படம் அல்ல!).

கடல் டால்பினாக இருந்தால் இரண்டு மரம் தாண்டுவதற்குள் முட்டிக்கொள்ளும். போட்டோவின் கழுத்தெலும்புகள் ஒட்டிப்போகாமல் தனித்தனியாக இருப்பதால் தலையைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்பும். முதுகில் உயர்ந்த துடுப்பும் கிடையாது, தாழ்ந்த மேடு மட்டும்தான். கலங்கிய நீரில் கண்ணை நம்பிப் பயனில்லை; ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே வேர் எது, மீன் எது என்று கண்டுகொள்ளும்.

அப்புறம் அந்த நிறம். குட்டிகள் சாம்பல்தான். வளர்ந்த ஆண்கள்தான் அதிகம் சிவந்திருக்கும். ஒன்றையொன்று கடித்துக்கொண்ட தழும்புகளும் அதற்கு ஒரு காரணம். நாம் அழகு என்று ரசிப்பதில் பாதி காயம்!

வறட்சி வந்தால் ஆபத்து. 2023-இல் பிரேசிலின் அமேசான் பகுதியிலுள்ள தெஃபே ஏரி 39 டிகிரிக்கும் மேல் சூடானபோது நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன.