பன்றி வேட்டைக்கு எல்லை போட முடியுமா?

கேள்வி: எங்கள் மரக்கறித் தோட்டம் காட்டோரத்தில் இருக்கிறது. பன்றி வேட்டைக்கு வருகிறவர்கள் நாய்களோடு பாத்திக்குள்ளேயே இறங்குகிறார்கள், கேட்டால் "எல்லை எங்கே, காட்டுங்கள்" என்கிறார்கள். வெளிநாடுகளில் வேட்டைப் பகுதியின் எல்லையை மாற்றிக் காணிக்காரர்களோடு வரும் சண்டையைக் குறைக்கிறார்களாமே, இங்கே முடியாதா?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: முடியும் சகோதரி, ஆனால் வேறு வழியில். அமெரிக்க மாநிலங்களில் அரசே வேட்டைப் பிரிவுகளை வகுக்கிறது. எல்லைக்கோடு ஒருவருடைய காணிக்கு நடுவே ஓடித் தகராறு வந்தால் அதைத் தள்ளி ஒரு ரோட்டிலோ ஆற்றிலோ மலை முகட்டிலோ வைப்பார்கள், ஏனென்றால் துவக்கோடு நடக்கிறவருக்கு வரைபடம் பார்க்காமலே எல்லை தெரிய வேண்டும். டெக்சாஸிலும் மிசூரியிலும் காணிக்காரர் மரத்தில் ஊதா பெயின்ட் அடித்து வைத்தாலே 'உள்ளே வராதே' என்று சட்டப்படி அர்த்தம்.

நம் மலையகத்தில் வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலமே இல்லை. காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது, சட்டம் அதைப் பாதுகாக்கவும் இல்லை, அதனால் அவரவர் நினைத்த இடத்தில் பன்றிக்குச் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். நீங்கள் பயிர் செய்யும் துண்டும் தேயிலைத் தோட்டத்து நிலமாகத்தான் இருக்கும், உங்கள் பெயரில் காணி உறுதி இருக்காது, அதனால்தான் உங்களிடம் அவ்வளவு தைரியமாக எல்லை கேட்கிறார்கள். தனியாக நின்று வாதாடாதீர்கள். தோட்ட நிர்வாகம், துண்டு வைத்திருக்கும் குடும்பங்கள், வேட்டைக்கு வரும் கிராமத்து ஆட்கள், கிராம சேவகர் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து அந்தக் காட்டோரத்தை நடந்து பார்க்க வேண்டும். ஓடை ஒன்று இருந்தால் அதையே எல்லையாக வைத்து, பாறைகளில் பெயின்ட் அடித்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி விடுங்கள்.

ஆனால் ஆட்களைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள், சுருக்குக் கம்பியையும் பேசுங்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. வேட்டைக்காரர் வீட்டுக்குப் போன பிறகும் கம்பி அங்கேயே கிடக்கும், அதற்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றுதான். 2020 மே மாதம் உங்கள் பக்கத்து லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று இப்படித்தான் மாட்டியது, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவ்வளவு அபூர்வமான ஒரு உயிர், யாரோ பன்றிக்குக் கட்டிய கம்பியில் போய்விட்டது! சிறுத்தை பன்றியையும் தின்னும், அதைக் கொன்றால் நஷ்டம் உங்கள் பாத்திக்கும்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள் நடக்கும் பாதையில் கட்டுத்துவக்கு (கயிறு தட்டினால் தானாக வெடிக்கும் துவக்கு) வைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அது சட்டப்படியும் குற்றம். ஆகவே தேயிலை மலைக்கும் காட்டுக்கும் நடுவில் உள்ள ஓரம் முழுக்கக் கம்பியும் துவக்கும் கூடாது என்று அந்தப் பேச்சிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏதாவது மிருகம் மாட்டியிருந்தால் கிட்டப் போய் அவிழ்க்கப் பார்க்காமல் உடனே வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், மயக்க ஊசியோடு வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் சொந்தக் காணி சரணாலயத்துக்குள் இருக்கிறது. அங்கே வேட்டையாடலாமா?
- வாசகர், நல்லதண்ணி

பதில்: கூடாது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், 1940இல் பிரகடனப்படுத்திய சிவனொளிபாதமலைச் சரணாலயமும் அந்த வகைதான், ஆனால் உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் வேட்டைக்கு உரிமை வந்துவிடாது. பயிரைப் பன்றி அழித்தால் முதலில் நல்ல வேலியாகப் போடுங்கள், அப்புறம் வனஜீவராசிகள் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.