உப்பிய டயர் வெடித்தால் ‘விதி’ என்று சொல்லித் தப்ப முடியுமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். என் காரின் முன் இடது டயர் ஓரத்தில் உப்பியிருந்தது. அலைன்மென்ட் பார்த்த கடையில், “லேசாத்தான் உப்பியிருக்கு சார், ஊருக்குள்ள ஓட்டலாம், அடுத்த மாசம் மாத்திக்கலாம்” என்றார்கள். பில்லிலும் அதைக் குறித்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து, மே மாத மதியத்தில் ஆம்பூர் போகும்போது, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி மாதனூர் அருகே அந்த டயர் வெடித்தது. கார் இழுத்துக்கொண்டு போய் ஒரு பைக்கில் மோதி, அதை ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. என் மனைவிக்கும் கையில் காயம். டயர் வெடித்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? இன்சூரன்ஸ் கிடைக்குமா? கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: மூன்று கேள்விக்கும் விடை அந்த அலைன்மென்ட் பில்லில்தான் இருக்கிறது. கடைக்காரருக்கு எதிராக நீங்கள் நீட்ட நினைக்கும் அதே பில், டயர் உப்பியிருந்தது உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் சாட்சி. அதற்காகக் கிழித்துப் போட வேண்டாம். கடையில் நகல் இருக்கும், மறைத்தது வெளியே வந்தால் நிலைமை இன்னும் கெடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 190(1) கேட்பது இதுதான்: வண்டியில் இருந்த ஆபத்தான பழுது ஓட்டியவருக்குத் தெரியுமா, அல்லது சாதாரணக் கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? அப்படிப்பட்ட வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினாலே 1,500 ரூபாய் வரை அபராதம். பழுதால் விபத்தாகி யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்த டயர் பழுதானது என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-வது விதி சொல்கிறது: உள் நூலடுக்கு வெளியே தெரிந்தாலோ, ஓரிடத்தில் உப்பினாலோ அது நல்ல டயர் அல்ல. காருக்குப் பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதிதான். டயரின் பள்ளத்துக்குள் சின்னத் திட்டுகள் இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

‘லேசாக உப்பியது’ என்று ஒரு வகையே கிடையாது. பள்ளத்தில் இறங்கியோ, தடுப்பு விளிம்பில் இடித்தோ டயரின் ஓரத்துக்குள் இருக்கும் நூல்கள் அறுந்தால்தான் அங்கே உப்பும். அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர். பேட்ச், வல்கனைசிங் எதனாலும் அறுந்த நூலுக்கு வலு வராது. காற்றும் குறைவாக இருந்தால் ஓரம் மடங்கி மடங்கிச் சூடேறும். மேலே வேலூர் வெயில், கீழே நெடுஞ்சாலை வேகம் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே ‘தெய்வச் செயல்’ என்ற வாதத்தில் நான் நம்பிக்கை வைக்க மாட்டேன். டயர் வெடிப்பு தெய்வச் செயல் அல்ல, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு கார் விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. அது இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் நம் தீர்ப்பாயத்தைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

போலீஸ் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 281 (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல்), 125(b) (கவனக்குறைவால் கொடுங்காயம்) பிரிவுகளில் வரும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், 125(b)-க்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க” என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டது இழப்பீட்டு வழக்கிலும் உங்களுக்கு எதிரான ஆதாரமாக வந்து நிற்கும்.

இப்போது அவசரம் அந்த டயர்தான். மெக்கானிக் ஷெட்டில் தூக்கிப் போட்டுவிடுவார்கள், உடனே எடுத்து வையுங்கள். ‘முன் இடது’ என்று எழுதி ஒட்டி, எல்லாத் துண்டுகளையும் படமெடுங்கள். ஓரத்தில் உள்ள கடைசி நான்கு எண் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். உள்பக்கம் ரப்பர் தூளும், ஓரத்தைச் சுற்றி வளையம் போன்ற தேய்மானமும் இருந்தால் காற்று குறைந்து ஓடியதற்கு அடையாளம். அவை இல்லாமல் ஓரத்தில் மட்டும் கிழிந்திருந்தால், காற்று குறைந்தது காரணமல்ல என்று வாதிடலாம். மற்ற மூன்று டயரின் காற்றழுத்தத்தையும் பட்டன் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்), அதாவது நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், தரும் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதில் டயரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பைக் ஓட்டியவருக்கான இழப்பீட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டயர் மோசம் என்பதற்காக மூன்றாம் தரப்பு (வெளியாளுக்கான) இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. உங்கள் மனைவியின் காயத்துக்கு, பாலிசி முழு பேக்கேஜா (உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்ததா) என்று பாருங்கள். வெறும் மூன்றாம் தரப்பு பாலிசி என்றால் காரில் வந்தவருக்காகப் போராட வேண்டியிருக்கும்.

உங்கள் காரின் சேதம்தான் சிக்கல். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைப் பிடித்துக்கொள்வார். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிபந்தனை மீறல் இருந்தும் 75 சதவீதம் தரச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (2010) இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்குப் புகார்; ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் இல்லை. டயருக்கு மட்டும் விலையில் பாதிதான் கிடைக்கும், அதுவும் காரும் சேதமானால்தான்.

கடைக்காரர்மீது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். உப்பிய டயரை ஓட்டலாம் என்றது சேவைக் குறைபாடுதான். ஆனால் அவர் “ஊருக்குள்ள” என்றார், நீங்கள் நெடுஞ்சாலையில் போனீர்கள். அவருடைய வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

காயம்பட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவில் உதவுவது நல்லது. ஆனால் “என் தப்புதான், இவ்வளவு தருகிறேன்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அப்படி ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதும் பாலிசி நிபந்தனை. மாதனூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம், எனவே குற்ற வழக்கு ஆம்பூர் பக்கம் நடக்கும். இழப்பீட்டு மனுவைக் காயம்பட்டவர் தான் வசிக்கும் ஊரிலும் போடலாம் என்பதால் சம்மன் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலிருந்தும் வரலாம். வந்த அன்றே நகலெடுத்து நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, வாய்தா நாளில் நீங்களும் வக்கீலோடு ஆஜராகுங்கள்.