களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டமா?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் வீடு. மாப்பிள்ளை வளைகுடாவில் இருக்கிறார். மூன்று வருஷமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. ஜமாஅத்தில் முறையிட்டால், "அவன் தலாக் சொல்லட்டும், பொறுத்திரு" என்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் என் மாமி மகள் குலா (மனைவியே கேட்டுப் பிரியும் முறை) எழுதிக் கொடுத்துப் பிரிந்துவிட்டாள். நானும் மஹரை (நிக்காஹில் கணவர் தரும் மணக்கொடை) திருப்பிக் கொடுத்து அப்படிச் செய்யலாமா? "பொம்பளை நாமே கேட்கலாமா?" என்று உம்மா அழுகிறாள்.

பதில்: உம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன், தங்கச்சி. கேட்கலாம். நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸின் மனைவி நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்து, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறையில்லை, ஆனாலும் அவரோடு வாழ முடியாது என்றார். மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது. சம்மதித்தார், பிரித்து வைக்கப்பட்டார். புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது. நீங்கள் சொல்வதைவிட ஊர் ஆலிம் ஒருவர் சொன்னால் உம்மா காதில் ஏறும்.

சரி, பாறசாலை விஷயம். நீதிமன்றத்துக்குப் போகாமலே மனைவி குலா சொல்லிப் பிரியலாம் என்று 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னுடைய 1972-ஆம் வருஷத் தீர்ப்பையே அது மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கோ சென்னை உயர் நீதிமன்றம். ஷரீஅத் கவுன்சில் ஒன்று கொடுத்த குலா சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அது 2023-இல் சொல்லிவிட்டது. ஒரே மார்க்கம், ஒரே குடும்பம், நடுவில் களியக்காவிளை எல்லை. எனக்கே இது விசித்திரமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்தால், நாளைக்கு வம்பு உங்களுக்குத்தான்.

அதிருக்கட்டும், உங்களுக்குக் குலாவே எதற்கு? 1939-ஆம் வருஷத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, கணவர் இரண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்காவிட்டாலே மனைவி விவாகரத்து கேட்கலாம். தக்க காரணமில்லாமல் மூன்று வருஷம் இல்லறக் கடமையைச் செய்யாவிட்டாலும் கேட்கலாம். உங்கள் கதையில் இரண்டுமே இருக்கிறது. அவர் வாயால் தலாக் வரக் காத்திருக்க வேண்டாம். இந்த வழியில் போனால் மஹர் உரிமைக்கும் பாதிப்பில்லை என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. தப்பு அவர் பக்கம் இருக்க, மஹரை நீங்கள் ஏன் விட வேண்டும்?

"கோர்ட் நம் மார்க்கத்தில் தலையிடலாமா" என்று யாராவது கிளம்பினால், பழைய கதையைச் சொல்லுங்கள். ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) வழி கிடைக்காத பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காக மதத்தையே விட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்டு பதறிய உலமாக்களே இன்னொரு பிரிவான மாலிகி மத்ஹபில் வழி தேடினார்கள். அதிலிருந்து வந்த சட்டம் இது.

நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். பணம் வருவது எந்த மாதம் நின்றது என்று காட்டும் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் போங்கள். அவருடைய வெளிநாட்டு விலாசம் கையில் இருந்தால் நோட்டீஸ் அனுப்பும் இழுபறி கொஞ்சம் குறையும். அப்புறம், நிக்காஹ் பதிவின் நகலை ஜமாஅத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பெருநாள் கழியட்டும்" என்பார்கள்.